தாயின் உடம்பு குழந்தையைத் தள்ளுகிறதா?

போன மாதம் என் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு லேப் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பினாள். அவளுக்கு இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் மூன்று மாதம் முடிவதற்குள் கலைந்துவிட்டது. ரிப்போர்ட்டில் 'என்.கே. செல் 16 சதவீதம்' என்று இருந்தது. என்.கே. செல் என்பது எதிர்ப்பு சக்தியைச் சேர்ந்த ஒரு வகை வெள்ளையணு. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். கூடவே ஒரு செய்தி: "அக்கா, என் உடம்பே என் குழந்தையைக் கொல்லுதாம். எதிர்ப்பு சக்தியைக் குறைக்க டிரிப்ஸ் போடணும்னு சொல்றாங்க. நிஜமாவா?"

அன்றிரவு ரொம்ப நேரம் போனில் பேசினோம். நான் டாக்டர் இல்லை, கல்லூரியில் உயிரியல் நடத்துகிறவள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். பிள்ளை தங்காவிட்டால் பழி பெண்ணின் தலையில் விழுவது நம் ஊரில் பழைய வழக்கம். 'உன் உடம்பே தள்ளுகிறது' என்பது அதே பழி, லேப் ரிப்போர்ட்டில் அச்சாகி வந்திருக்கிறது. அறிவியல்படியும் அது தப்பு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கணக்குப் பிழை. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஒரு குரோமோசோம் கூடவோ குறையவோ வந்துவிடுகிறது. அந்தக் கரு வளர முடியாது. பெண்ணின் வயது ஏற ஏற இது அதிகமாகும். இதற்கும் எதிர்ப்பு சக்திக்கும் சம்பந்தமில்லை. இனி நான் சொல்லப்போவதெல்லாம் மீதிப் பாதியில் ஒரு பகுதியைப் பற்றி மட்டும்தான்.

எதிர்ப்பு சக்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எச்.எல்.ஏ. என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு ஓடியவர்கள் வீட்டில் இந்தப் பெயர் பழக்கமானது. நம் உடலின் பெரும்பாலான செல்கள் தங்கள் மேற்பரப்பில் 'நான் இந்த ஆளுடைய செல்' என்று காட்டும் புரதங்களை ஏந்திக்கொண்டிருக்கின்றன. அவைதான் எச்.எல்.ஏ. அவற்றுக்கான மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் ஒரே கொத்தாக இருக்கின்றன. ஒரு கொத்து அம்மாவிடமிருந்து வரும், இன்னொரு கொத்து அப்பாவிடமிருந்து வரும். அதனால்தான் கூடப் பிறந்த இருவருக்கு இது முழுக்கப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பெற்றவருக்கும் பிள்ளைக்கும் சரிபாதி பொருந்தும். மனித மரபணுக்களிலேயே ஆளுக்கு ஆள் மிக அதிகமாக வேறுபடுபவை இவைதான். ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு.

அம்மா தன் மகனுக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தால், அந்த மகன் அதைக் காப்பாற்ற வாழ்நாள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டும். சரிபாதி பொருந்தியும் அந்தக் கதி. அதே மகன் அவள் வயிற்றில் ஒன்பது மாதம் இருந்தானே, அவனுடைய எச்.எல்.ஏ.யில் பாதி அப்பாவுடையது, அவளுக்கு அந்நியமானது. அப்போது அவள் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை. கருமுட்டை தானம் பெற்றுச் சுமப்பவர்களையும் வாடகைத் தாய்மார்களையும் நினைத்துப் பாருங்கள். அங்கே கரு மரபணு வழியில் முழுக்க வேற்று ஆளுடையது. கர்ப்பகால ரத்தக்கொதிப்பு போன்ற சிக்கல்கள் அவர்களுக்குச் சற்று அதிகம் வருகின்றன என்பது உண்மை. ஆனாலும் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன.

இந்தப் புதிரை 1953இல் தெளிவாக எழுப்பியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் மெடாவர். இரண்டாம் உலகப் போரில் தீக்காயம் பட்டவர்களுக்கு ஒட்டிய வேற்றுத் தோல் ஏன் உதிர்ந்துவிடுகிறது என்று ஆராய்ந்தவர். 1960இல் நோபல் பரிசு பெற்றார். தோலை உதறும் உடம்பு கருவை ஏன் உதறவில்லை என்று கேட்டு மூன்று பதில்களை யோசித்தார். தாய்க்கும் சேய்க்கும் நடுவே தடுப்பு இருக்கலாம். சேயின் அடையாளப் புரதங்கள் இன்னும் முதிராமல் இருக்கலாம். அல்லது கர்ப்ப காலத்தில் தாயின் எதிர்ப்பு சக்தி மந்தமாகிவிடலாம்.

மூன்றாவது பதில்தான் மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டது. 'எதிர்ப்பு சக்தி தூங்க வேண்டும், தூங்காவிட்டால் கரு கலையும், ஆகவே மருந்து போட்டுத் தூங்க வைப்போம்.' என் தங்கைக்குச் சொல்லப்பட்ட வைத்தியத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் மெடாவர் எழுதி ஐந்தே வருடத்தில் அதற்கு எதிரான சாட்சி கிடைத்துவிட்டது. 1958இல் அமெரிக்காவில் ரோஸ் பெய்னும், நெதர்லாந்தில் யான் வான் ரூடும், பல பிள்ளைகள் பெற்ற பெண்களின் ரத்தத்தில் வேற்று வெள்ளையணுக்களை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்) இருப்பதைக் கண்டார்கள். கணவர் வழியாகப் பிள்ளைக்கு வந்த அடையாளங்களைத் தாயின் உடம்பு நன்றாகவே கவனித்திருக்கிறது, குறித்தும் வைத்திருக்கிறது. அப்படியும் பிள்ளைகள் ஆரோக்கியமாகப் பிறந்திருக்கிறார்கள். எச்.எல்.ஏ. வகைகளை உலகம் கண்டுபிடித்ததில் பெரும் பங்கு அந்தத் தாய்மார்களின் ரத்தத்துக்கு உண்டு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அப்படியென்றால் கருப்பைக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது? கரு பதிந்ததும் அதன் வெளி அடுக்குச் செல்கள் தாயின் கருப்பைச் சுவருக்குள் வேர் விடுவதுபோல் இறங்குகின்றன. பின்னாளில் நஞ்சுக்கொடியாகப் போகிறவை இவைதான். இவை பெரும்பாலான செல்களைப் போல எல்லா எச்.எல்.ஏ. அடையாளங்களையும் ஏந்துவதில்லை. உறுப்பு மாற்றத்தில் பெரிய சண்டைக்குக் காரணமாகும் ஏ, பி வகைகளைக் காட்டாமல் விட்டுவிடுகின்றன. அதற்குப் பதிலாக சி, ஈ, ஜி என்ற மூன்றைக் காட்டுகின்றன. இதில் ஜி வகை உடலின் மற்ற இடங்களில் அரிது. நஞ்சுக்கொடிக்கென்றே வைத்திருப்பது போன்றது. ஈ, ஜி இரண்டும் ஆளுக்கு ஆள் அதிகம் மாறாதவை. மாறுவது சி மட்டும்தான். 'நான் இந்த அப்பாவின் பிள்ளை' என்று கரு தாயிடம் சொல்லும் ஒரே முக்கிய அடையாளம் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அடையாளத்தைப் படிப்பது யார்? இங்கேதான் என்.கே. செல்கள் வருகின்றன. 'இயற்கையாகவே கொல்லும் செல்கள்' என்று 1975 வாக்கில் வைத்த பெயர். சோதனைக் குடுவையில் புற்றுநோய் செல்களைக் கொன்றதைப் பார்த்து அப்படி வைத்துவிட்டார்கள். இந்தப் பெயர் எத்தனை பெண்களை அழ வைத்திருக்கிறதோ தெரியாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கருப்பைச் சுவரில் குவியும் வெள்ளையணுக்களில் சுமார் 70 சதவீதம் இவைதான். கொல்வது இவற்றின் வேலையாக இருந்தால் ஒரு பிள்ளைகூடப் பிறந்திருக்காது. கருப்பையில் உள்ள என்.கே. செல்களுக்கு வேறு வேலை.

கிராமத்தில் கண்மாய் மடையைத் திறந்து எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துப் பாய்ச்சும் நீர்பாய்ச்சியைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேலைதான் இது. கருப்பைச் சுவரில் சுருள் சுருளாகச் சிறிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. கரு வளர வேண்டுமானால் அந்தக் குழாய்களின் தசைச் சுவர் இளகி, அவை அகன்ற வாய்க்கால்களாக மாற வேண்டும். நஞ்சுக்கொடிச் செல்கள் உள்ளே இறங்கி இதைச் செய்கின்றன. எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதைத் தாயின் என்.கே. செல்கள் அவற்றோடு பேசித் தீர்மானிக்கின்றன. வாய்க்கால் அகலாவிட்டால் ரத்தம் போதாமல் கரு கலையலாம், குழந்தை எடை குறையலாம், பிந்தைய மாதங்களில் தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறி ப்ரீ எக்ளாம்ப்சியா வரலாம். மட்டு மீறி இறங்கினாலும் தாய்க்கு ஆபத்து. அதனால் அங்கே நடப்பதை எல்லை பேசி முடிப்பது என்று சொன்னால் பொருந்தும்.

இந்தப் பேச்சில் தாயின் பக்கத்துக் காது, கே.ஐ.ஆர். என்ற மரபணுக் குடும்பம். 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. எச்.எல்.ஏ. 6இல், இது 19இல். இரண்டும் தனித்தனியாகவே பரம்பரையில் இறங்கும். கே.ஐ.ஆரில் இரண்டு வகைத் தொகுப்புகள் உண்டு, ஏ, பி என்று. எச்.எல்.ஏ.யில் பார்த்த ஏ, பி வேறு, இவை வேறு. ஏ தொகுப்பில் பெரும்பாலும் 'பொறு, நிறுத்து' என்று சொல்லும் சுவிட்சுகள். பி தொகுப்பில் அவற்றோடு 'ம், வேலையைப் பார்' என்று தூண்டும் சுவிட்சுகளும் சேர்ந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஆகவே ஒரு பெண் ஏஏ ஆகவோ, ஏபி ஆகவோ, பிபி ஆகவோ இருக்கலாம்.

கருவின் பக்கம் சி அடையாளம் என்றேனே, அதிலும் இரண்டு குழுக்கள். சி1, சி2. இதில் சி2 கொஞ்சம் பலமானது. தாயின் நிறுத்தும் சுவிட்சை இறுக்கமாக அழுத்தும். இப்போது தாய் ஏஏ, கரு அப்பாவிடமிருந்து சி2 வாங்கி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயின் என்.கே. செல்லுக்குக் கிடைப்பதெல்லாம் 'பொறு' என்ற செய்திதான். தூண்டும் சுவிட்சு இல்லை. அது வேலை செய்யாமல் அடங்கிவிடுகிறது. வாய்க்கால் குறுகலாகவே நின்றுவிடுகிறது. கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மோஃபெட் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில் இந்தச் சேர்க்கை உள்ள கர்ப்பங்களில் ப்ரீ எக்ளாம்ப்சியா கூடுதலாக இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகளில் அடுத்தடுத்துக் கரு கலைந்த பெண்களிடமும் இதே சாய்வைக் கண்டார்கள்.

இந்த இடத்தில் போனில் என் தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "அப்போ எதிர்ப்பு சக்தி அதிகமானதால பிரச்சினை இல்லையா? கம்மியா வேலை செஞ்சதாலயா?"

அதேதான். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். மரபணு ஆய்வுகள் காட்டும் ஆபத்து, தாயின் என்.கே. செல்கள் வெறிபிடித்துத் தாக்குவதில் இல்லை. அவை போதுமான அளவு தூண்டப்படாமல் போவதில் இருக்கிறது. அப்படியிருக்க, அவற்றை இன்னும் அடக்க டிரிப்ஸ் ஏற்றுவது எந்தத் திசையில் போகிறது?

இன்னொன்றும் இதில் தெரிகிறது. தவறு தாயின் மரபணுவில் இல்லை. ஏஏ தாய் சி1 குழந்தையைச் சுமந்தால் இந்தக் கூடுதல் ஆபத்து கிடையாது. தகப்பனின் சி2இலும் தவறில்லை. வேறொரு பெண்ணோடு அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது. இரண்டு பேருடைய சீட்டுகள் சேர்ந்து விழும் விதம் அது. தகப்பன் சி1, சி2 இரண்டும் உள்ளவராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது. ஒரே தம்பதிக்கு ஒரு கர்ப்பம் கலைந்து அடுத்தது சுகமாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மேலும் இது வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பது மட்டும்தான். ஏஏ தாய்மார் ஏராளமானவர்கள் சி2 குழந்தைகளைச் சிக்கலின்றிப் பெற்று வளர்த்திருக்கிறார்கள்.

ஊருக்கு ஊர் இந்தச் சீட்டுக்கட்டும் மாறுகிறது. ஜப்பானில் பெண்களில் பாதிக்கு மேல் ஏஏ. ஆனால் அங்கே சி2 மிகக் குறைவு, ஆகவே இரண்டும் மோதுவது அரிது. உகாண்டாவில் செய்த ஆய்வில் ஆப்பிரிக்கப் பெண்களைக் காப்பது ஐரோப்பியப் பெண்களைக் காக்கும் அதே கே.ஐ.ஆர். மரபணு அல்ல என்று தெரிந்தது. நம் பக்கமும் பார்த்திருக்கிறார்கள். தென்னிந்தியாவில் பரவர், காணிக்காரர், முள்ளுக்குறும்பர் ஆகிய மூன்று சமூகங்களின் கே.ஐ.ஆர். மரபணுக்களை ஆராய்ந்து 2008இல் வெளியான கட்டுரை, தூண்டும் சுவிட்சுகள் நிறைந்த பி தொகுப்பு இங்கே அதிகம் என்று காட்டியது. ஐரோப்பாவில் எடுத்த கணக்கை அப்படியே ஒரு தமிழ்ப் பெண்ணின் ரிப்போர்ட்டில் ஒட்டுவது சரியாகாது என்பதற்கு இதுவே போதும்.

தங்கை அடுத்துக் கேட்டது நம் வீடுகளுக்கே உரிய கேள்வி. அவள் கட்டியிருப்பது அத்தை மகனை. "சொந்தத்துல கட்டுனதாலயா அக்கா?" தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் கால்வாசிக்கு மேல் உறவுக்குள் மணந்தவர்கள், அதனால் இது பலருடைய கேள்வி. ஒரு காலத்தில் விஞ்ஞானிகளும் இதைச் சந்தேகித்தார்கள். கணவன் மனைவி எச்.எல்.ஏ. ஒன்றுபோல் இருந்தால் தாயின் உடம்பு கருவைக் கவனிக்காமலேயே விட்டுவிடும், தேவையான பாதுகாப்பைத் தராது என்று ஒரு கொள்கை. அமெரிக்காவில் ஹட்டரைட் என்றொரு மதச் சமூகம். 1870களில் குடியேறிய சிறு கூட்டத்திலிருந்து பெருகியவர்கள், தங்களுக்குள்ளேயே மணப்பவர்கள். கரோல் ஓபர் அவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து, எச்.எல்.ஏ. ஒத்துப்போகும் தம்பதிகளிடம் கருச்சிதைவு ஓரளவு அதிகம் என்று 1998இல் எழுதினார். ஆனாலும் அந்தக் குடும்பங்களில் பிள்ளைகள் நிறைய. தமிழ்நாட்டிலேயே ராவ், இன்பராஜ் இருவரும் 1977இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், உறவில் மணந்தவர்களிடம் மலட்டுத்தன்மையோ கருச்சிதைவோ குறிப்பிடும்படி கூடுதலாக இல்லை. உறவு மணத்தில் வேறு ஆபத்து உண்டு. இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே பழுதான மரபணு பிள்ளையில் சேர்ந்து நோயாக வெளிப்படலாம். அதற்காக மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. ஆனால் 'அத்தை மகனைக் கட்டியதால் உன் உடம்பு தள்ளுகிறது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்தக் கொள்கையிலிருந்து ஒரு வைத்தியமும் பிறந்தது. கணவரின் வெள்ளையணுக்களை எடுத்து மனைவிக்கு ஊசியாகப் போடுவது. 1985இல் லண்டனில் நடந்த ஒரு சோதனை நம்பிக்கை தந்ததும் உலகமெங்கும் பரவியது. 1999இல் அதே கரோல் ஓபர் குழு பெரிய அளவில் சோதித்தது. பாதிப் பேருக்குக் கணவரின் அணுக்கள், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். அணுக்கள் பெற்றவர்களுக்குக் குழந்தை பிறந்த விகிதம் கூடவில்லை, சற்றுக் குறைவாகவே இருந்தது. 2002இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆய்வுக்கு வெளியே இதைச் செய்யக்கூடாது என்று நிறுத்திவிட்டது.

சரி, பிறகு ஏன் இத்தனை பேர் 'எனக்கு அந்த ஊசி வேலை செய்தது' என்கிறார்கள்? பொய் சொல்லவில்லை. லிவர்பூலில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், காரணம் தெரியாமல் அடுத்தடுத்துக் கரு கலைந்த பெண்களுக்குச் சிறப்பு மருந்து எதுவும் தராமல், அடிக்கடி ஸ்கேன் செய்து, அன்பாகக் கவனித்தார்கள். அடுத்த கர்ப்பம் நல்லபடியாக நிலைத்தவர்கள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. நடுவில் எந்த ஊசியைப் போட்டிருந்தாலும் பேர் அதற்குத்தான் போயிருக்கும்.

ரத்தத்தில் எடுக்கும் என்.கே. எண்ணிக்கை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்தில் உள்ள என்.கே. செல்கள் வேறு, கருப்பையில் உள்ளவை வேறு. குணமும் வேலையும் வேறு. ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலேயே இது 5 முதல் 29 சதவீதம் வரை இருக்கலாம். தங்கையின் 16 அதற்குள் சாதாரணமாக அடங்குகிறது. பிரிட்டனில் கருத்தரிப்பு சிகிச்சைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு, இந்த வகை எதிர்ப்பு சக்திப் பரிசோதனைகளுக்கும் சிகிச்சைகளுக்கும் போதிய ஆதாரம் இல்லை என்று எச்சரித்திருக்கிறது. கே.ஐ.ஆர். பரிசோதனைக்கும் இன்றைக்கு அவசியமில்லை. முடிவு தெரிந்தாலும் அதை வைத்துச் செய்யக்கூடிய நிரூபணமான சிகிச்சை கிடையாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, எதிர்ப்பு சக்தியால் கருவுக்கு ஆபத்தே கிடையாது என்று நினைத்துவிடக் கூடாது. நிஜமாகவே ஆபத்தானவை சில உண்டு. அவற்றுக்கு நல்ல மருந்தும் உண்டு, அதனால்தான் தேவையில்லாத பரிசோதனைகளில் காசும் காலமும் போகும்போது எனக்கு வயிறு எரிகிறது.

முதலாவது, ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். ரத்தத்தில் உருவாகும் சில தவறான எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடிச் செல்களைத் தாக்கும், ரத்தத்தையும் உறைய வைக்கும். லண்டனில் கிரஹாம் ஹியூஸ் 1983இல் இதை விவரித்தார். இதற்கு மூன்று ரத்தப் பரிசோதனைகள்: லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட், ஆன்ட்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் எதிர்ப்பொருள். ஒரு முறை பாசிட்டிவ் வந்தால் போதாது. காய்ச்சலுக்குப் பிறகுகூடத் தற்காலிகமாக வரலாம் என்பதால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும். உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் தருவார்கள். 1997இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கும், இரண்டும் எடுத்தவர்களில் 71 சதவீதம் பேருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்தது.

இரண்டாவது, நெகட்டிவ் ரத்தம். தாய் நெகட்டிவ், கரு அப்பாவிடமிருந்து பாசிட்டிவ் வாங்கியிருந்தால், பிரசவத்தின்போது கலக்கும் குழந்தையின் ரத்தத்தைத் தாயின் உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களை அந்த நினைவு தாக்கும். ஒரே ஒரு மரபணு, 1ஆம் குரோமோசோமில் இருப்பது, காலங்காலமாக எத்தனையோ குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. அந்த நினைவு உருவாகாமல் தடுக்க 1968 முதல் ஆன்ட்டி-டி ஊசி இருக்கிறது: 28ஆம் வாரத்தில் ஒன்று, பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஒன்று. கரு கலைந்தாலும் இது தேவைப்படலாம். நெகட்டிவ் ரத்தமுள்ளவர்கள் 'எனக்கு ஆன்ட்டி-டி வேண்டுமா?' என்று தாங்களே வாய் திறந்து கேட்டுவிடுங்கள்.

குழந்தை தங்காமல் போவது ஒரு பக்கம். கருவே உண்டாகாமல் இருப்பதிலும் எதிர்ப்பு சக்திக்குச் சில இடங்களில் பங்கு உண்டு. 21ஆம் குரோமோசோமில் ஏ.ஐ.ஆர்.ஈ. என்றொரு மரபணு, எது நம்முடையது என்று எதிர்ப்பு செல்களுக்குச் சிறு வயதிலேயே பாடம் நடத்துவது. அது பழுதானால், மற்ற சுரப்பிகளோடு சினைப்பையையும் சொந்த உடம்பே தாக்கி, இளம் வயதிலேயே மாதவிடாய் நின்றுபோகலாம். மிக அரிதான நோய். ஆண்களிடம், விந்தணுக்கள் உருவாவது எதிர்ப்பு சக்தி தன் பாடத்தை முடித்த பிறகு, பருவ வயதில்தான். அதனால் விரையில் ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது. அடிபட்டோ, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையாலோ அது உடைந்தால் அவருடைய உடம்பே அவருடைய விந்தணுவுக்கு எதிர்ப்பொருள் செய்துகொள்ளும். பரிசோதனைக்குக் கணவரும் போக வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தங்கை அந்த டிரிப்ஸ் போட்டுக்கொள்ளவில்லை. வேறொரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, தைராய்டு, சர்க்கரை, கருப்பை ஸ்கேன், இருவருடைய குரோமோசோம் பரிசோதனை, ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனைகள் மூன்று எல்லாம் எடுத்தார்கள். அதில் ஒன்று பாசிட்டிவ் வந்திருக்கிறது. 12 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். மாமியார் வீட்டு அடுக்களையில் தொங்கும் காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அன்றைக்கு நானும் கூட வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.